அடுத்த வருட அணி

மதுரையில் ஒரு மில் ஹாக்கி அணியிடம் பன்னிரண்டு கோல் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பிய அன்று, எங்கள் அணியில் யாரும் வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் சென்டர் ஃபார்வர்டு கொடைரோட்டில் இறங்கி வடை வாங்கித் தின்றார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. அன்றைய ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட்டது நடுக்கோட்டில் ஆட்டத்தைத் தொடங்கியபோது மட்டும்தான். ஃபுல்பேக் இருவரில் ஒருவர் பேரன் எடுத்தவர். இன்னொருவர், "மைதானம் ரொம்பப் பெருசுப்பா, அதான்" என்று காரணம் கண்டுபிடித்து, வண்டி திண்டுக்கல் வந்து சேருமுன் அதைத் தாமே நம்பியும் விட்டார்.

நான் நைனா முகமது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்களுக்குத் தோல் மண்டி. கோட்டை ஹாக்கி கிளப்பின் கோல்கீப்பர். அந்தப் பன்னிரண்டு பந்தும் என்னைத் தாண்டிப் போனவைதான். ஆனால் என்னிடம் வந்து சேர்வதற்கு முன் அவை பத்துப் பேரைத் தாண்டி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இது 1957-ல். அந்த வாரமே கமிட்டி கூடியது. தலைவர் முத்துச்சாமியின் புகையிலைக் கிடங்கில்தான் எப்போதும் கூடும். முத்துச்சாமி ஹாக்கி ஆடியவர் அல்ல. அவர் தலைவரானதற்குக் காரணம், அவரிடம் கார் இருந்தது, உட்காரப் பெரிய இடமும் இருந்தது. செயலாளர் பாக்கியராஜ் யுத்த காலத்தில் ஜபல்பூர் ராணுவ முகாமில் அரிசி மூட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே சிப்பாய்கள் ஹாக்கி ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு பத்து வருடம் எங்களை ஆட்டி வைத்தார். எந்தப் பேச்சை எடுத்தாலும், "ஜபல்பூர்ல எப்படின்னா..." என்று தொடங்குவார்.

முத்துச்சாமி மேஜையைத் தட்டினார். "கெழட்டு மாட்டையெல்லாம் அவுத்து விடுங்க. இனிமே கன்னுக்குட்டியாப் பிடிச்சு வளக்கப் போறோம். மூணு வருசத்துல ஸ்டேட்லயே நம்ம டீம்தான்."

கை தட்டினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தோளில் ஒரு துண்டு போட்டு அனுப்பிவிடுவது என்று தீர்மானமானது. என் பெயரும் வாசிக்கப்பட்டது. அப்போதுதான் யாரோ, "அப்ப கோல்ல யார் நிக்கிறது?" என்று கேட்டார்கள். எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்கு முகமூடி கிடையாது. காலில் கட்டும் பேடும் துணிச்சலும்தான். யார் வீட்டுப் பிள்ளையையும் கொண்டுபோய் அங்கே நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"பாய் இருக்கட்டும்" என்றார் முத்துச்சாமி.

இப்படியாக, இளைஞர் அணியில் முப்பத்தெட்டு வயது இளைஞனாக நான் மட்டும் மிஞ்சினேன்.

பிறகு கன்றுக்குட்டி தேடும் படலம் தொடங்கியது. முத்துச்சாமியின் காரில் தலைவர், செயலாளர், வழியில் வண்டி நின்றுபோனால் தள்ளுவதற்கு நான். நத்தத்தில் சின்னக்கண்ணு என்று ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் நன்றாகவே ஆடினான். ஆனால் அவர்கள் அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய அப்பா காரின் பின்னால் மாங்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஜிலியம்பாறையில் வெயில் தாங்க முடியவில்லை என்று காரை விட்டே இறங்கவில்லை. காரை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நெட்டையாக நின்றவனைக் கை காட்டி, "இவன் ஃபுல்பேக்" என்று பாக்கியராஜ் சொன்னார். அவன் அதுவரை ஹாக்கி மட்டையைக் கண்ணால் கண்டதில்லை.

கன்னிவாடியில்தான் சங்கிலியைக் கண்டோம்.

மலையடிவாரத்தில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் புளியமர விளாறு. சங்கிலியின் கையில் மட்டும் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட, கயிறு சுற்றிய ஒரு நிஜ மட்டை. வயது பதினெட்டு இருக்கும். கறுத்து ஒல்லியாக இருந்தான். அவன் ஓடவே இல்லை. பந்தை வைத்துக்கொண்டு மெல்ல வந்தான், எதிராளி நெருங்கும்வரை நின்றான். அப்புறம் பார்த்தால் எதிராளி ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தான், பந்தும் சங்கிலியும் இன்னொரு பக்கம். வெடிப்பு விட்ட கண்மாய் மண்ணில், கோணிக்கொண்டு துள்ளும் பந்தை வைத்து அதைச் செய்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முத்துச்சாமி அவனைக் கூப்பிட்டு முன்கையை அமுக்கிப் பார்த்தார். தொடையைத் தட்டினார். திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தார்.

கரையோரம் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மா சிவனம்மாள்.

"பல்லையும் பிடிச்சுப் பாத்துருங்கய்யா" என்றாள். "அப்புறம் சொத்தைன்னு சொல்லி ஓட்டியாந்து விட்றாதீக."

நான் சிரித்துவிட்டேன். முத்துச்சாமிக்கு அது கேலி என்றே தெரியவில்லை. "பல்லு எதுக்கும்மா? உம் மகனுக்கு நம்ம கிடங்குல கணக்கு எழுதுற வேலை. தங்க இடம், சாப்பாடு. மெட்ராசுல போய் ஆட வைக்கிறேன்."

"அவன் எட்டாப்பு பெயிலு. என்னத்தக் கணக்கு எழுதுவான்?"

"அதெல்லாம் நாங்க வளத்துக்குவோம்."

சிவனம்மாள் மகனைப் பார்த்தாள். சங்கிலியின் கண் காரின் மேல் இல்லை, என் மேலும் இல்லை. பின் இருக்கையில் கிடந்த புது ஹாக்கி மட்டைகளின் மேல் இருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, "போய்ட்டு வாப்பு" என்றாள்.

திண்டுக்கல்லுக்கு வந்ததும் வளர்ப்பு தொடங்கியது. பாக்கியராஜ் முதல் நாளே அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இது கழைக்கூத்து. ஹாக்கி இல்ல. ஜபல்பூர்ல எவனும் பந்தை வச்சுக்கிட்டு நிக்க மாட்டான்" என்றார். மட்டையைப் பிடிக்கும் விதம் தப்பு என்று கைப்பிடியை மாற்றினார். மாற்றிய பிறகு அவனால் பந்தை நேராகத் தள்ளக்கூட முடியவில்லை. "பாத்தியா? அடிப்படையே இல்ல" என்று திருப்தியாகச் சொன்னார். மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டையைச் சுற்றி ஓடச் சொன்னார். அது ஏன் என்று நான் கேட்டதற்கு, "பாய், நீங்க பேடைக் கட்டிக்கிட்டு அங்கிட்டு நில்லுங்க" என்றார்.

கணக்கு எழுதும் வேலை என்றார்கள். அவன் கிடங்கில் புகையிலைச் சிப்பம் கட்டினான். காரல் ஏறி நாளெல்லாம் தும்மினான். காலையில் தலைவர் வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு பச்சை முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வரும். அதை அவன் குடிப்பதை முத்துச்சாமி நேரில் நின்று பார்ப்பார். வியாபாரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் முன்னால் அவனைக் கூப்பிட்டு, "கையை மடக்கிக் காட்டுலே" என்பார். அவன் காட்டுவான்.

ஆனால் ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். ஆடியதெல்லாம் உள்ளூரில் வேண்டியவர்கள் வீட்டுப் பையன்கள். சங்கிலி ஆட வேண்டிய இடத்தில் கருப்பணன் ஆடினான். கருப்பணன் தலைவரின் தங்கை மகன். காலுறைக்குள் சீப்பு வைத்திருப்பான். பந்து எதிர்ப்பக்கம் போனதும் எடுத்துத் தலை வாருவான். அவனை ஏன் ஆட வைக்கிறீர்கள் என்றால், "உக்கார வச்சா தங்கச்சி வருத்தப்படும்" என்று தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மையை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

சங்கிலி ரிசர்வ். அந்நாளில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆள் மாற்ற முடியாது. காலே ஒடிந்தாலும் மிச்சப் பேர்தான் ஆட வேண்டும். ஆகவே ரிசர்வ் என்றால் உட்கார்ந்திருப்பது. தோளில் நிற்காத பச்சைக் கோட்டு ஒன்றைப் போட்டு அவனை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் சின்னக்கண்ணு. அவனுக்கும் அதே கோட்டு. நாங்கள் உள்ளே தோற்றுக்கொண்டிருப்போம். தலைவர் வெளியே பெஞ்சைக் காட்டி, "அதோ பாருங்க, அடுத்த வருசம் இவங்கதான்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நாளடைவில் பார்க்க வருகிறவர்களும் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது புத்திசாலித்தனம்தான், ஆட்டத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

தோற்பதற்கும் பாக்கியராஜிடம் ஒரு தத்துவம் இருந்தது. "தோக்கணும். நல்லாத் தோத்தாத்தான் நல்லாக் கத்துக்க முடியும்." அப்படியானால் எங்களைவிடக் கற்றவர்கள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

முதல் வருடம் போனது. இரண்டாவது வருடமும் போனது. குஜிலியம்பாறை நெட்டையன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். யாருக்கும் அது ஒரு வாரம்வரை தெரியாது.

ஒருநாள் மத்தியானம் சங்கிலி எங்கள் மண்டிக்கு வந்தான். உப்புப் போட்ட தோல்களின் நெடியில் மூக்கைக்கூடச் சுளிக்காமல் வாசலில் உட்கார்ந்தான்.

"பாய், உக்காந்தே கெழவனாயிருவேன் போலருக்கு."

"ஊருக்குப் போயிரேன்" என்றேன்.

"அங்க போனாலும் ஆடத்தான் தோணும். ஆட ஆளு இல்ல. எல்லாரும் கல்யாணம் முடிச்சு வெள்ளாமை பாக்கப் போயிட்டாங்க." பிறகு, "விடியக்காலையில செக்ரட்டரி வர முன்னாடி நீங்க வந்து நிப்பீங்களா? எனக்கு அடிக்கணும் பாய். யாரையாச்சும் பாத்து அடிக்கணும்" என்றான்.

நின்றேன். நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தெரியும்? அவன் பழைய பிடியில் மட்டையைப் பிடித்து அடித்தான், நான் கோலில் நின்றேன். பாதி என் மேல் பட்டது, மீதி வலைக்குள் போனது. என் மனைவி ரம்ஜான் பீவி என் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இம்புட்டு வயசுல இப்படி அடி வாங்குறதுக்கு ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்தாச் சேந்துக்கங்க" என்றாள். சின்னக்கண்ணுவையும் கூப்பிட்டோம். அவன் வரவில்லை. அவனுக்கு அதற்குள் ஆசை விட்டுப்போயிருந்தது. நான் பார்த்தவர்களில் அவனைப்போல் சுத்தமாகப் பந்தை நிறுத்துகிறவன் இல்லை. அந்தப் பச்சைக் கோட்டுக்குள்ளேயே அவனை முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது வருடம் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ரயில்வே அணி சிநேக ஆட்டத்துக்கு வந்தது. அது தலைவரின் ஏற்பாடு. தம் இளைஞர் அணியைப் பெரிய ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. காட்ட வேண்டியவர்களை அன்றைக்கும் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார் என்பது வேறு விஷயம். மத்தியானம் கிடங்கிலேயே விருந்து. பிரியாணி, ஈரல், எலும்புக் குழம்பு என்று இலை நிறையப் போட்டு, இன்னும் இன்னும் என்று திணித்தார்கள். சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் கிளப் எந்த மாகாண அணிக்கும் சளைத்ததல்ல.

ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அவர்களில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். அவர்களுடைய கேப்டன் நெட்டையான ஆங்கிலோ-இந்தியர். உடைந்த தமிழில், "ஒரு ஆள் இல்லை. உங்க ஆள் ஒருத்தர் தாங்க, ப்ளீஸ்" என்று கேட்டார்.

கமிட்டி ஒதுங்கி நின்று ஆலோசித்தது. பாக்கியராஜ், "நம்ம பதினோரு பேர்ல ஒருத்தனையும் குடுக்க முடியாது" என்றார், ஏதோ அவர்கள் பதினொரு வைரங்கள் என்பதுபோல.

"ரிசர்வ்ல அந்தக் கன்னிவாடிப் பய இருக்கான்ல, அவனத் தள்ளி விடுங்க" என்றார் முத்துச்சாமி. "விருந்தாளி எலை கேட்டா ஓட்டை எலையக் குடுக்கிறதுதான?" கமிட்டி முழுக்கச் சிரித்தது.

சங்கிலி பச்சைக் கோட்டைக் கழற்றி பெஞ்சில் போட்டான். அவர்களுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

ஆட்டத்தின் முதல் பந்து அவனிடம் வந்தபோது கருப்பணன் அவன் மேல் பாய்ந்தான். சங்கிலி நின்றான். கன்னிவாடிக் கண்மாயில் நான் பார்த்தது அப்படியே மறுபடி நடந்தது. கருப்பணன் போன வேகத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டி ஜனங்களுக்குள் போய் விழுந்தான். அடுத்த இரண்டு பேர் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். பிறகு கோலுக்கு முன்னாலிருந்த வட்டத்துக்குள் அவனும் நானும்தான். விடியற்காலையில் எங்கே அடிப்பானோ அங்கேதான் அடித்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் போய்ச் சேருமுன் பந்து கோலின் பின்பலகையில் மோதி இடிபோல் ஒலித்தது.

ஊர் ஓவென்று கத்தியது. மூன்று வருடமாக பெஞ்சையே பார்த்துக் கொண்டிருந்தவர்கள் அல்லவா.

பாக்கியராஜ் எல்லைக் கோட்டருகே ஓடி வந்து, "கைப்பிடி! லேய், கைப்பிடி!" என்று கத்தினார். எதிரணிக்காரனுக்குப் பயிற்சி கொடுத்த ஒரே செயலாளர் அவராகத்தான் இருப்பார். முத்துச்சாமியோ நாற்காலியிலிருந்து எழுந்து, பக்கத்திலிருந்த தாசில்தாரிடம், "நம்ம பய! முட்டை குடுத்து வளத்தது!" என்றார். தம் வலைக்குள் விழுந்த கோலுக்குக் கை தட்டுகிறோம் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

அவன் நான்கு கோல் போட்டான். ஐந்தாவதை நான் முழங்காலால் தடுத்தேன். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் ஓடி வந்து, "சபாஷ் பாய்!" என்று சிரித்தான். அந்த மூன்று வருடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் அவன் தோளில் கை போட்டு நேரே தலைவரிடம் கூட்டி வந்தார். ரயில்வேயில் வேலை வாங்கித் தருகிறேன், எங்கள் அணிக்குக் கொடுங்கள் என்றார். அப்போது ஒரு விதி உண்டு: ஒரு கிளப்பில் பதிவான ஆட்டக்காரன் வேறு அணிக்குப் போக வேண்டுமானால் பழைய கிளப் எழுத்தில் விடுதலை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயும் ஆட முடியாது.

முத்துச்சாமி கும்பிட்டுச் சிரித்து, யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்களை ரயிலேற்றி அனுப்பினார். மறுநாள் கமிட்டியில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நம்ம வளத்த பயல நோகாம ஓட்டிட்டுப் போகப் பாக்குறானுக" என்றார்.

"மூணு வருசம் ஜபல்பூர் முறையில பழக்கிருக்கேன். இப்பத்தான் பழமாகுது" என்றார் பாக்கியராஜ். "அடுத்த வருசம் இறக்குறோம்."

"எறக்கிட்டாரு" என்றேன் நான்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடுதலை இல்லை என்று தீர்மானமானது. சங்கிலி கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டுவிட்டுச் சிப்பம் கட்டப் போனான். அவன் தும்மும் சத்தம் உள்ளேவரை கேட்டது.

சங்கதி கன்னிவாடிக்குப் போனது. நான்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாளில் சிவனம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலையில் ஒரு கூடை, அக்குளில் ஒரு கோழி. நேரே கிடங்குக்குள் நடந்தாள். கமிட்டிக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடையை மேஜை மேல் வைத்தாள். உள்ளே வைக்கோல் நடுவே முட்டைகள்.

"இந்தாங்கய்யா, எம் மகன் குடிச்ச முட்டை" என்றாள். "எங்க வீட்டுக் கோழி போட்டது. கொறஞ்சாலும் கொறையும்னு கோழியவும் கொண்டாந்துட்டேன். அது போட்டுக்கிட்டே இருக்கும், நீங்க எண்ணிக்கிட்டே இருங்க. எம் புள்ளய விட்ருங்க."

முத்துச்சாமியின் முகம் கறுத்தது. "என்னம்மா பேச்சு இது? அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம். அவன மெட்ராசுல ஆட வைக்கிறேன்னு சொன்னேனா இல்லையா?"

"திண்டுக்கல்லுலயே ஆட வைக்கலையேய்யா. மூணு வருசமா உக்காருறதுக்கா பெத்து விட்டேன்? அடகாக்கத்தான் ஆளு வேணும்னா இந்தக் கோழியே போதுமே."

ஒருவர் காப்பி புரையேறி இருமினார். கோழி மேஜைக்கு மேல் ஏறி நின்று கமிட்டியைச் சுற்றிப் பார்த்தது. பாக்கியராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"யோசிப்போம்" என்றார் முத்துச்சாமி.

சிவனம்மாள் வெளியே வந்து மகனுடைய தலையைத் தடவிவிட்டு, அவன் கண்ணில் படாமல் என்னிடம், "அந்தாளுக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கும்னு நெனச்சு வந்துட்டேன் பாய்" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிடங்குக்குள்ளிருந்து ஒரு ஆள் கூடையையும் கோழியையும் எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுப் பக்கம் போவதை நாங்கள் இருவரும் பார்த்தோம். முட்டையை வாங்கிக்கொண்டார்கள். விடுதலையைக் கொடுக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரை அந்த ஆட்கள் எனக்கு வேடிக்கைதான். மாலையில் பேடு இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் முன்னால் போட்டேன்.

"அவனுக்கு எழுதிக் குடுத்தா நான் நிப்பேன். இல்லைன்னா வர்ற ஞாயித்துக்கெழம லீக் ஆட்டத்துக்கு நீங்க யாரையாச்சும் நிறுத்திக்கங்க."

"பாய் போனாப் போகட்டும்!" என்று முத்துச்சாமி சத்தம் போட்டார். "இம்புட்டு எளந்தாரிப் பயலுக இருக்கானுக, ஒருத்தன் நிக்க மாட்டானா?"

ஒருத்தனும் நிற்கச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவனுக்கும் அன்றைக்கென்று வீட்டில் விசேஷம் இருந்தது. தலைவருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. "கருப்பணா, நீ கட்டுடா" என்றார்.

மறுநாள் பயிற்சியில் கருப்பணன் பேடு கட்டி நின்றான். சீப்பை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதல் பந்தை அடித்தது சின்னக்கண்ணு. மூன்று வருடமாக அவன் மனதில் என்னென்ன இருந்ததோ, பந்து கருப்பணனின் பேடுக்கு மேலே தொடையில் விழுந்தது. அவன், "அம்மா!" என்று அலறிக்கொண்டு உருண்டான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவனுடைய அம்மா அரை மணி நேரத்தில் கிடங்குக்கு வந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சிப்பம் கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் கேட்டதாம்: "ஒம் புள்ளைய நிறுத்துண்ணே, எம் புள்ளதான் கெடச்சானா?" கதவு திறந்தபோது முத்துச்சாமி வேர்த்திருந்தார். பாக்கியராஜைக் கூப்பிட்டு, "அந்தப் பயலுக்கு எழுதிக் குடுத்துத் தொலைங்க" என்றார்.

ஒரு தாய் பஸ் ஏறி வந்து கேட்டபோது கோழியோடு சேர்த்து அவமானப்படுத்தினார்கள். இன்னொரு தாய் அடுத்த தெருவிலிருந்து வந்ததும் வேலை முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் புரிகிற ஆட்கள் அங்கே இல்லை.

சங்கிலியை நானே ரயிலேற்றினேன். வாக்குக் கொடுத்தபடி அந்த வருடம் முழுவதும் கோலில் நின்றேன். எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். வருடம் முடிந்ததும் பேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னக்கண்ணு நத்தத்துக்குப் போய் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அவன் மட்டையைத் தொடவே இல்லை.

சங்கிலி ரயில்வேக்கு ஆடினான். மாகாண அணியிலும் இடம் கிடைத்தது. இந்திய அணிக்கான முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். போய் ஆடிவிட்டுத் தேர்வாகாமல் திரும்பி வந்தான். இன்னும் மூன்று வருடம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவன் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகு முழங்கால் கெட்டது. வேலை இருந்தது, கல்யாணம் முடித்தான். அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொன்னான். அவள் மாட்டை யார் பார்ப்பது என்று வர மறுத்துவிட்டாள்.

1964-ல் கோட்டை ஹாக்கி கிளப் ஒரு விழா எடுத்தது. கிடங்குச் சுவரில் சங்கிலியின் படத்தை மாட்டி, திறந்து வைக்க அவனையே கூப்பிட்டார்கள். அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை, வந்தான். பாக்கியராஜ் ஒரு மணி நேரம் பேசினார். கண்மாயில் கிடந்த கல்லை எடுத்து ஜபல்பூர் உளியால் செதுக்கிய கதை. முத்துச்சாமி முட்டையைச் சொன்னார். முன்வரிசையில் புதிதாகப் பிடித்து வந்த பையன்கள் பச்சைக் கோட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கிலியைப் பேசச் சொன்னார்கள். அவன் எழுந்து, "மூணு வருசம் என்னைய உக்கார வச்சுக் காட்டுனாங்க. ஹாக்கிய எப்படி ஆடக் கூடாதுன்னு இவங்ககிட்டத்தான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

கமிட்டி பலமாகக் கை தட்டியது. "எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா?" என்று முத்துச்சாமி பக்கத்தில் சொன்னார்.

கன்னிவாடி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவனும் நானும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம்.

"உனக்கு ஆத்திரம் வரலையாலே?" என்றேன்.

"இல்ல பாய். சிரிப்புத்தான் வருது. பாவம், அவங்களுக்கு வேற என்ன தெரியும்?"

"எனக்குச் சிரிப்பு வரல."

"உங்களுக்கு வராது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான். அம்மாவுக்கு வாங்கிய சேலைப் பொட்டலம் கையில் இருந்தது. காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் படியில் வைத்தான்.

அடுத்த வாரம் கிடங்கிலிருந்து ஒரு ஆள் மண்டிக்கு வந்தான். புதிய பையன்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் அனுபவம் உள்ளவர் ஒருவர் வேண்டும், பாய் வர வேண்டும் என்று தலைவர் பிரியப்படுகிறாராம். நான் ஒரு பதில் சொன்னேன். அது இங்கே எழுதத் தக்கதல்ல. வந்தவன் நல்ல மனுஷன். அந்த வார்த்தைகளை அப்படியே போய்ச் சொல்ல அவன் வாய்க்கு வராது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆகவே, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நானே கிடங்குக்குப் போய், கமிட்டி முழுவதும் கூடியிருந்த நேரம் பார்த்து, நேரில் சொல்லிவிட்டு வந்தேன்.